மயிலிறகு ஏற்றிய வண்டி: டென்ஷன் உடம்பில் ஏறும் விதமும் இறங்கும் விதமும்

இரவு பத்தே முக்கால். அமெரிக்கக் கிளையன்ட்டோடு பேச வேண்டியதெல்லாம் பேசியாயிற்று. லேப்டாப்பை மூடியாயிற்று. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, காலை இட்லிக்கு மாவைக் கரைத்து வைத்தாயிற்று. படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்கிறது. தலைக்குள் மட்டும் மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அப்படிக் கேட்டபோது நாம் இப்படிச் சொல்லியிருக்கலாமோ என்று பதினோராவது தடவையாக.

இதற்கு ஊரில் எல்லோர் கையிலும் ஒரே மருந்துதான் இருக்கிறது: "டென்ஷன் ஆகாதீங்க." டாக்டர் சொல்வார், மாமனார் சொல்வார், டென்ஷனைக் கொடுத்த மேனேஜரே சொல்வார். எப்படி ஆகாமல் இருப்பது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. டென்ஷன் ஆவது உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு அடையாளம். ஆன பிறகு அது இறங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிம்மதி, நல்வாழ்வு, பேலன்ஸ் என்று பல பெயர் வைத்து நாம் தேடுவது பெரும்பாலும் இந்த இறக்கத்தைத்தான் என்பது என் கட்சி.

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948-ல் நடைமுறைக்கு வந்தது. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நலம் இருப்பதே ஆரோக்கியம், நோய் இல்லாதது மட்டும் போதாது என்று அதில் எழுதி வைத்தார்கள். நல்ல வாசகம்தான். ஆனால் அந்த "முழுமையான" இருக்கிறதே, அதை வைத்து அளந்தால் எங்கள் தெருவில் ஒருவரும் தேறமாட்டார். ஏறியது இறங்க வேண்டும் என்ற சின்ன இலக்கை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நாய் துரத்தும்போது

1890-களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் பூனைகளின் வயிற்றை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டில் பிஸ்மத் என்ற உலோக உப்பைக் கலந்து கொடுத்தால், இரைப்பை அலை அலையாக அசைந்து அரைப்பது திரையில் தெரியும். பூனைக்குக் கோபமோ பயமோ வந்தால் அந்த அசைவு சட்டென்று நின்றுவிட்டது. பூனை அமைதியானதும் மறுபடி தொடங்கியது. பயந்தால் வயிற்றைப் பிசைகிறது, சோறு இறங்கவில்லை என்று நம் பாட்டிகள் சொன்னதைக் கேனன் கண்ணால் பார்த்துவிட்டார். அதை ஆண்டுக்கணக்கில் துரத்திப் போய், 1915 வாக்கில் அவர் விளக்கிச் சொன்னதைத்தான் இன்று "சண்டை போடு, இல்லையேல் ஓடு" என்று சுருக்கிச் சொல்கிறோம்.

ராத்திரி பைக்கில் வரும்போது தெருநாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், மூச்சு கூடும், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும், தசைகளுக்கு ரத்தம் பாயும். செரிமானத்தை உடம்பு தள்ளிப்போடும்; உயிர் தப்பினால் அல்லவா புரோட்டா செரிக்க வேண்டும்! அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதன் பின்னாலேயே கார்டிசால் என்ற ஹார்மோன் வரும். இது நிதானமான ஆள். ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

கார்டிசாலை வில்லனாக்கி யூடியூபில் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். பாவம் அது. காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பதே அதுதான். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சிக்குப் போய், பொழுது சாயச் சாயக் குறைந்து, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். அந்தத் தினசரி ஏற்ற இறக்கம் இல்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

நாய் தெருமுனையோடு நின்றுவிட்டது. நீங்கள் வண்டியை ஓரம் கட்டுகிறீர்கள், கை நடுங்குகிறது. பத்து நிமிடத்தில் மூச்சு சீராகிறது. வீட்டுக்கு வந்து கதையாகச் சொல்கிறீர்கள், நாய் ஒன்று நாலாகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். ஏறியது இறங்கிவிட்டது. இந்தச் சுற்று முழுதாக முடிந்தால் உடம்புக்கு ஒரு சேதமும் இல்லை.

தெருமுனையோடு நிற்காத நாய்

இன்றைக்கு நம்மைத் துரத்துகிறவை தெருமுனையோடு நிற்பதில்லை. ஐந்தாம் தேதி இஎம்ஐ. மாத டார்கெட். "ஃப்ரீயா?" என்று மொட்டையாக வரும் மேலதிகாரியின் வாட்ஸ்அப். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். இவற்றோடு சண்டை போடவும் முடியாது, ஓடவும் முடியாது. உடம்புக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. நாய்க்கு அடித்த அதே அபாய மணியை இதற்கும் அடிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் ஓடுகிறது. ரத்தத்தில் வந்து சேர்ந்த சர்க்கரையைச் செலவழிக்க ஓட்டம்தான் இல்லை.

இப்படி நாள்கணக்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கனடாவின் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்பவர் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும் அதே மூன்று மாற்றங்கள்: அட்ரினல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. குளிரில் வைத்தாலும், ஓடவிட்டுக் களைக்க வைத்தாலும் அதே மூன்று. தேடிய ஹார்மோன் கிடைக்கவில்லை. எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்பது கிடைத்தது. 1936-ல் அதை ஒரு சின்னக் கடிதமாக அச்சிட்டார். பொறியாளர்கள் இரும்புக்கும் பாலத்துக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்த "ஸ்ட்ரெஸ்" என்ற சொல் மனிதர் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் கட்டுரைக்கு வேண்டிய கருத்து 1993-ல் வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த புரூஸ் மெக்யூவனும், எலியட் ஸ்டெல்லாரும் சேர்ந்து அதற்கு வைத்த பெயர் அலோஸ்டேடிக் லோட். வாயில் நுழையாத பெயர். தேய்மானச் சுமை என்று வைத்துக்கொள்ளலாம். சூழ்நிலைக்கு ஏற்ப உடம்பு தன்னை ஏற்றி இறக்கிச் சமாளிக்கிறது அல்லவா, அந்தச் சமாளிப்புக்கே ஒரு விலை உண்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்கிறது. இறக்கம் சரியாக நடந்தால் உடம்பு சரிசெய்துகொள்ளும். நடக்காவிட்டால் பாக்கி சேரும்.

மயிலிறகுதானே என்று வண்டியில் ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். எந்த இறகு முறித்தது என்று கேட்டால் பதில் கிடையாது. தேய்மானச் சுமையை ஆராய்ச்சிகளில் அளக்கும் விதமும் ஏறக்குறைய இப்படித்தான். 1997-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், எழுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களிடம் ரத்த அழுத்தம், இடைக்கும் இடுப்புக்கும் உள்ள சுற்றளவு விகிதம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொலஸ்ட்ரால், சிறுநீரில் கார்டிசால் என்று பத்து அளவுகள் எடுத்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எத்தனை அளவுகள் மோசமான பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கூட்டிப் பார்த்தபோது, கூட்டுத்தொகை அதிகமானவர்களுக்கு இதயநோயும் உடல் தளர்ச்சியும் ஞாபகக் குறைவும் அதிகமாக இருந்தன. மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் எல்லாமே "பார்டர்லைன்" என்று வந்தால் அப்பாடா என்று மடித்து வைத்துவிடுகிறோம். அப்பாடா போடுவதற்கு முன் எத்தனை பார்டர்லைன் என்று ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.

சுமை சேரும் வழிகளை மெக்யூவன் பின்னால் நான்காகப் பிரித்தார். ஒரு நாய் போனால் அடுத்த நாய் என்று அடிக்கடி ஏறுவது ஒன்று. பழகாமலே இருப்பது இன்னொன்று: மேடையேறிப் பேசும்போது முதல் தடவை எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும், நாலைந்து தடவையில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும், சிலருக்குப் பத்தாவதும் முதல் தடவைதான். நான்காவது வழி கொஞ்சம் விநோதமானது. ஏற வேண்டிய கார்டிசால் போதுமான அளவு ஏறாமல் போய், அது அடக்கி வைத்திருக்க வேண்டிய அழற்சி கட்டுமீறிப் போவது. மூன்றாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். நாய் போய் வெகுநேரம் ஆகியும் அபாய மணி ஓயாமல் இருப்பது. முதலில் சொன்ன பத்தே முக்கால் மணி அதுதான்.

யாருடைய வண்டி

பெரிய பதவி, பெரிய பொறுப்பு, ஆகவே பெரிய டென்ஷன் என்று ஒரு கணக்கு நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. லண்டனில் 1967-ல் தொடங்கி, மைக்கேல் மார்மட் முதலானோர் பின்தொடர்ந்த ஒய்ட்ஹால் ஆய்வு அந்தக் கணக்கைக் கவிழ்த்துப்போட்டது. ஏறத்தாழ 18,000 அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் நிரந்தர வேலை. மேலே இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலையில் இருந்த காவலாளிகளும் ஏவலாளர்களும் சுமார் மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். பீடி சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வேறுபாட்டில் ஒரு பகுதிதான் விளங்கியது. 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் துலங்கியது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தன் சொல் எடுபடுகிறதா என்பது. சொல் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம்.

இதை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நல்வாழ்வு பற்றிய பேச்செல்லாம் "நீங்கள்தான் மாற வேண்டும்" என்பதிலேயே போய் முடிகிறது. துணிக்கடையில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டு, புடவையை விரித்து விரித்து மடிக்கும் பெண்ணிடம் தியானம் பற்றிப் பேசுவது அழகில்லை. அவளுக்கு வேண்டியது முதலில் ஒரு ஸ்டூல். கேரளம் 2018-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது; 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காரலாமா என்பதைத் தானே முடிவு செய்ய முடிவது கால்வலிக்கு மட்டும் மருந்தில்லை. ஒய்ட்ஹால் சொன்ன "சொல்" அதுவேதான். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அதை மூச்சுப்பயிற்சியைவிடப் பெரிய நல்வாழ்வுச் செய்தி என்று நான் எண்ணுகிறேன்.

ஆகவே உங்கள் சுமையில் எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாததற்காக உங்களையே திட்டிக்கொள்வது இன்னொரு இறகு.

இறக்கும் வழிகள்

கையில் இருப்பவற்றில் மிக மலிவானது மூச்சு. இப்போதே இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகமாகும், விடும்போது மெதுவாகும். வேகஸ் என்ற நீண்ட நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக் அது. விடும் மூச்சில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. விடும் மூச்சை இழுத்ததைவிட நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் இருந்தால் பலருக்கு உடம்பு தணிவது தெரியும். பாட்டுப் பாடுவதும், விடாமல் ஸ்லோகமோ ஜெபமோ சொல்வதும் விடும் மூச்சை நீட்டத்தான் செய்கின்றன.

தலைக்குள் ஓடும் மீட்டிங்குக்கு மூச்சு மட்டும் போதாது. 1927-ல் பெர்லினில் புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர், முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் அதிகம் நிற்கிறது என்று எழுதினார். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே விடை கிடைக்கவில்லை, அதனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறைக்கு உதவுவது வேறொன்று. 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் அடுத்து வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். பட்டியலைப் பார்த்தால் பயம்தான் கூடும் என்று நினைப்போம். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான், ஆனால் ஒரு பேனாவுக்கு மேல் செலவில்லை. நான் செய்து பார்த்தேன். எழுதுவதைப் போனில் செய்யாமல் காகிதத்தில் செய்தால்தான் எனக்குப் பலிக்கிறது. போனைத் திறந்தால் அங்கே ஒரு நாய் காத்திருக்கிறது.

நடை. ரத்தத்தில் சும்மா சுற்றும் சர்க்கரைக்கு அது வேலை கொடுக்கிறது. பதினைந்து நிமிடம் போதும், ஜிம் வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்காமல் வருவதுகூட ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாசற்படி மாதிரி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வாசற்படியே தொலைந்துபோனது. சட்டை மாற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழையும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சிரித்தோம். இப்போது நாங்கள் மூன்று பேர் அப்படித்தான் செய்கிறோம்.

மாலை காபியைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி பதினோரு மணிக்கும் விழித்திருக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. மறுநாள் காலைக் கோபத்தில் பாதியை அதுவே கழித்துவிடும்.

லீவு போட்டு ஊட்டிக்குப் போகலாமே என்றால், தாராளமாகப் போங்கள். ஆனால் விடுமுறையால் வந்த தெம்பு, திரும்பி வந்த சில வாரங்களுக்குள் கரைந்துவிடுவதாகத்தான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம் என்று சேர்த்து வைக்கும் கணக்கு உடம்பிடம் செல்லாது. அது தினக்கூலி, அன்றன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

தொடங்குவதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒரு துண்டு நோட்டில் இரண்டு நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது ஏறியது, எப்போது இறங்கியது. இறங்கியபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். என் நோட்டில் போன வாரம் இப்படி இருந்தது. திங்கள்: நாலு மணிக்கு ஏறியது, ஆறரைக்கு இறங்கியது, மாடியில் துணி எடுக்கும்போது. செவ்வாய்: இறங்கவில்லை. புதன்: இறங்கவில்லை, இரண்டு காபி. வியாழன்: எட்டே காலுக்கு இறங்கியது, கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை, எதிர்வீட்டு அக்காவோடு வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.